பல்சாக்குக்கு வழங்கிய சலுகை: ஜோர்ஜ் லூகாச் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

ஐரோப்பிய மார்க்சிய இலக்கியத் திறனாய்வு பற்றித் தமிழிற் பேச முற்படும் எவரும் ஜோர்ஜ் லூகாச்சைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. 1885 இல் புடாபெஸ்ற் நகரில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1918 இன் இறுதியிற் கம்யூனிஸ்ற் கட்சியிற் சேர்ந்து, 1971 இல் மறையும் வரை அதனோடு பிணங்கியும் இணங்கியும் வாழ்ந்தவர் அவர். யதார்த்தவாதம் பற்றி அவரளவுக்கு விரிவாகவும் விடாப்பிடியாகவும் சென்ற நூற்றாண்டில் எழுதியோர் மிகச் சிலரே. அவரது கோட்பாட்டை அறிமுகஞ் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு காலத்தில் அவரை ஐயத்துக்கு இடமின்றி ஏற்றிருந்த நாம் இன்று ஏன் அவ்வாறு ஏற்க முடியாதவராயுள்ளோம் என்பதையே இங்கு ஆராய விழைகின்றோம். மாற்றம் எதனால் நேர்ந்தது என்பதைப் போலவே, எதனால் நேரவில்லை என்பதும் தெளிவுபடுத்தப்படல் வேண்டும். ஏனெனில், மார்க்சிய விமர்சகர் ஒருவர் மீதான நம்பிக்கைக் குலைவை மார்க்சியத்தின் மீதான நம்பிக்கைக் குலைவாக மாற்றி விற்பனை செய்வோர் எக்காலத்தும் உளர்.

நாம் லூகாச்சை முதன்முதல் அறிந்தது பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில். 1970 இல் லண்டன் மேர்லின் பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘எழுத்தாளனும் விமர்சகனும்’ என்ற தொகுப்பின் போட்டோப் பிரதி, ஓரங்கள் மங்கி, கைமாறிக் கைமாறி எம்மிடம் வந்து சேர்ந்தது. அதிலே ‘எடுத்துரைப்பதா, விவரிப்பதா’ என்ற 1936 ஆம் ஆண்டுக் கட்டுரை உண்டு. இரண்டு குதிரைப் பந்தயங்களோடு அது தொடங்குகின்றது. ஒன்று சோலாவின் ‘நானா’விற் காணப்படுவது, மற்றையது தோல்ஸ்தோயின் ‘அன்னா கரினீனா’விற் காணப்படுவது. சோலாவின் பந்தயத்தில் எதுவும் விடுபடவில்லை. சேணம் முதற் பார்வையாளரின் உடை வரை அனைத்தும் துல்லியமாக உள்ளன. ஆனால் அதனை நாவலிலிருந்து அகற்றிவிட்டாற் கதைக்குப் பெரிய இழப்பொன்றுமில்லை. வெல்லும் குதிரைக்கு நானாவின் பெயரைச் சூட்டியதன் வழியாக மட்டுமே அது கதையோடு இணைக்கப்பட்டுள்ளது. தோல்ஸ்தோயிலோ விரொன்ஸ்கி குதிரையினின்று விழும் அக்கணம் அன்னாவின் வாழ்வையே திருப்பி விடுகின்றது. முன்னதைப் பார்வையாளனின் நிலையிலிருந்தும் பின்னதைப் பங்காளனின் நிலையிலிருந்தும் நாம் காண்கிறோம். இவ்வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடாகக் கொள்ளாது, 1848 க்குப் பிந்திய பூர்ஷ்வாச் சமூகத்திலே எழுத்தாளன் சமூகப் போராட்டங்களின் பங்காளனாயிருந்த நிலைமாறி வெறும் நோக்குநனாகவும் தொழில்முறை எழுத்தாளனாகவும் ஆகிவிட்டதன் விளைவாக லூகாச் விளக்கினார்.

வரலாற்றையும் வாக்கிய அமைப்பையும் ஒரே மூச்சிற் பேசிய இக்கட்டுரை எம்மை ஆட்கொண்டதில் வியப்பில்லை. அதுவரை நாம் கற்ற திறனாய்வில் ஒன்று ‘சமூகப் பின்னணி’ என ஓர் அதிகாரம் இருக்கும். பின்னர் ‘நடைநயம்’ என வேறோர் அதிகாரம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பாராது அமர்ந்திருக்கும். உருவமே சமூக உள்ளடக்கத்தைத் தாங்கி நிற்பது என்பதை எமக்கு எடுத்துக்காட்டியவர் லூகாச்சே. அந்தக் கடன் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

இதனினும் ஆழமாக எம்மைக் கவர்ந்தது பல்சாக் பற்றிய அவரது விளக்கமாகும். 1888 இல் மார்கரெற் ஹார்க்னெஸ் என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு எங்கெல்ஸ் எழுதிய கடிதம் நன்கறியப்பட்டது. முடியாட்சியின் ஆதரவாளரான பல்சாக், தாம் அனுதாபம் கொண்டிருந்த பிரபுக்களின் வீழ்ச்சியையும் தமது அரசியல் எதிரிகளான குடியரசுவாதிகளின் சிறப்பையும் உள்ளவாறே காட்டினார். தமது சொந்த வர்க்கச் சார்புக்கு எதிராக எழுதும்படி அவரை நிர்ப்பந்தித்தது யதார்த்தவாதமே என்பது எங்கெல்சின் கருத்து. அக்கடிதத்தின் சில வரிகளை ஒரு முழுத் திறனாய்வு முறையாக வளர்த்தெடுத்தவர் லூகாச். படைப்பாளி அறிந்ததைக் காட்டிலும் படைப்பு அதிகம் அறியும். ஆசிரியரின் உலகநோக்கை அவரது பிரகடனங்களில் தேடாது பாத்திரங்களின் விதியிலே தேடல் வேண்டும். ‘வரலாற்று நாவல்’ என்ற நூலில், பழைமைபேணும் கட்சியினரான வோல்ட்டர் ஸ்கொற்றையும் அவர் இவ்வாறே வாசித்தார். ஆசிரியன் எந்தக் கட்சியினன் என்று கேட்டு அவனுக்கு மதிப்பெண் வழங்கும் கொச்சைச் சமூகவியலுக்கு இது தக்க மறுமொழியாக அமைந்தது.

இனி, லூகாச்சைக் கைவிடுவோர் வழமையாகக் கூறும் காரணங்களைக் கவனிப்போம். அவர் பலமுறை பணிந்தார் என்பது முதலாவது. 1923 இல் வெளிவந்த ‘வரலாறும் வர்க்க உணர்வும்’ மறு ஆண்டே கம்யூனிஸ்ற் அகிலத்தின் ஐந்தாவது மாநாட்டிலே கண்டிக்கப்பட்டது. பின்னாளில் அந்நூலை அவரே மறுத்தார். 1928 இல் அவர் எழுதிய புளூம் முன்மொழிவுகள் நிராகரிக்கப்பட்டபோது சுயவிமர்சனம் செய்தார். 1949 இல் ஹங்கேரியில் அவர் மீது தொடுக்கப்பட்ட தாக்குதலின் போதும் அவ்வாறே செய்தார். இவை உண்மை. ஆயினும் புளூம் முன்மொழிவுகளில் அவர் கூறியவற்றுட் பல 1935 இல் மக்கள் முன்னணிக் கொள்கையாகத் திரும்பி வந்தன. பாசிசம் வளர்ந்துவந்த காலத்தில், அதனை எதிர்க்கக்கூடிய ஒரே அமைப்புக்கு வெளியே நிற்க விரும்பாமையாற் பணிந்ததாக அவர் 1967 இல் விளக்கினார். அவ்விளக்கத்தை ஏற்பதா இல்லையா என்பது வேறு. அச்சூழலிலே வாழ்ந்திராத நாம் அதனைக் கோழைத்தனமென எளிதிற் தள்ளிவிட முடியாது.

மனிதர் என்ற வகையில் அவர் எளிதில் மதிப்பிடக்கூடியவருமல்லர். 1919 இன் ஹங்கேரியச் சோவியத் குடியரசிலே கல்வித்துறையின் துணை ஆணையாளராகவும் செம்படைப் பிரிவொன்றின் அரசியல் ஆணையாளராகவும் இருந்த அவர், களத்தை விட்டோடிய படையினர் எண்மரை இராணுவ நீதிமன்றத்தின் வழியே சுடச் செய்தார். இதனை மறைக்காது முதுமையில் அவரே கூறினார். அதே மனிதர் 1956 இல் இம்ரே நாகியின் அரசாங்கத்திற் சில நாட்கள் கலாசார அமைச்சராக இருந்து, பின்னர் ருமேனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டார். நாகிக்கு எதிராகச் சாட்சி கூறுமாறு அங்கே அவர் வற்புறுத்தப்பட்டார். நாகியோடு தமக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டென்றும், இருவரும் விடுதலையாகிப் புடாபெஸ்ற் வீதியிலே நடக்கும்போது அவற்றைப் பேசலாமென்றும், உடன் சிறைப்பட்டவனைப் பற்றி எதுவும் கூறுவதற்கில்லையென்றும் அவர் மறுத்துவிட்டார். 1958 இல் நாகி தூக்கிலிடப்பட்டார். எழுபது வயது கடந்த ஒருவரின் இம்மறுப்பை அறிந்த பின்னர், ‘பணிந்தவர்’ என்ற ஒற்றைச் சொல்லால் அவரை முடித்துவிட எமக்கு மனம் வரவில்லை.

எதிர்த் தரப்பின் யோக்கியதையும் மனங்கொள்ளத்தக்கது. லூகாச் மீதான கண்டனங்களுட் கூர்மையானது அடோர்னோ 1958 இல் எழுதியது. அது வெளிவந்த ‘டெர் மோனாற்’ சஞ்சிகை, அமெரிக்க உளவுத்துறையின் நிதி பெற்ற கலாசாரச் சுதந்திரத்துக்கான காங்கிரசின் வலையமைப்பைச் சேர்ந்ததென்பது 1960களின் பிற்பகுதியில் அம்பலமாயிற்று. அதனால் அடோர்னோவின் வாதங்கள் பொய்யாகிவிடமாட்டா. ஆயினும் நம்பிக்கைக் குலைவுக்கும் ஒரு சந்தை உண்டு என்பதை அது காட்டுகின்றது.

எமது விலகல் வேறோரிடத்திலே தொடங்கியது. பேர்லினில் வெளிவந்த ‘டி லிங்ஸ்கூர்வ’ என்ற பாட்டாளி எழுத்தாளர் ஏட்டிலே 1932 இல் லூகாச் எழுதிய கட்டுரையொன்றில், ஏர்ணஸ்ற் ஒற்வால்ற் என்ற இளம் எழுத்தாளரின் நாவல் விமர்சிக்கப்பட்டது. ஜேர்மனிய நீதித்துறையின் வர்க்கச் சார்பை ஆவணங்களின் துணையோடு அம்பலப்படுத்திய நாவல் அது. ஒற்வால்ற் கம்யூனிஸ்ற், பிரெக்ற்றோடு சேர்ந்து ‘கூல வம்ப’ திரைப்படத்தின் கதைவசனத்தை எழுதியவர். ஆவணத்தையும் செய்தி அறிக்கையையும் நாவலிற் கையாள்வது முழுமையைச் சிதைக்கும் என்றும், அது குட்டி பூர்ஷ்வா நோக்கின் வெளிப்பாடென்றும் லூகாச் தீர்த்துரைத்தார். ஒற்வால்ற் மறுப்பெழுதினார், லூகாச் அதற்கும் பதிலெழுதினார். இதுவரை இது இலக்கிய விவாதமே. கூர்மையான விவாதம், அவ்வளவுதான்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இருவரும் சோவியத் ஒன்றியத்திற் புகலிடம் தேடினர். 1936 செப்டெம்பரில் மொஸ்கோவிலிருந்த ஜேர்மனிய எழுத்தாளர்களின் கட்சிக் கூட்டமொன்று மூடிய கதவுகளுக்குள்ளே நாட்கணக்கில் நடைபெற்றது. தம்மிடையே யார் விழிப்பின்றி இருந்தனர், யார் யாரோடு பழகினர் என்று எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் விசாரித்த கூட்டம் அது. அதன் சுருக்கெழுத்துப் பதிவு 1991 இல் நூலாக வெளிவந்தது. அங்கே பேசியவர்களுள் லூகாச்சும் ஒருவர். அவ்வாண்டின் இறுதியில் ஒற்வால்ற் கைது செய்யப்பட்டார். 1943 இல் முகாமொன்றில் இறந்தார். ஆவண இலக்கியத்தின் முன்னோடியும் பிரெக்ற்றின் நண்பருமான சேர்கேய் திரெத்தியாக்கோவ் 1937 இற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இம்மரணங்களுக்கு லூகாச்சைப் பொறுப்பாக்குவது எமது கருத்தன்று. 1941 இல் அவரே கைது செய்யப்பட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சிறையில் இருந்தார். அஞ்சி வாழ்ந்தோருள் அவரும் ஒருவர். எம்மை உறுத்துவது வேறு. எழுத்து நடையொன்றை எதிரிக்குத் துணைபோகும் நடையென்று கூறும் விமர்சன மொழி, எந்தெந்தச் சொற்களுக்கு என்னென்ன விளைவு என்பது நன்கு தெரிந்த இடத்திலே, தன் தொனியைச் சிறிதும் தணித்துக்கொள்ளாது தொடர்ந்தது.

1937-38 இல் மொஸ்கோவிலிருந்து வெளிவந்த ‘டாஸ் வோர்ட்’ ஏட்டில் நிகழ்ந்த வெளிப்பாட்டுவாத விவாதம் இதற்குச் சான்றாகும். வெளிப்பாட்டுவாதம் பாசிசத்துக்கே இட்டுச் செல்வது என்ற கருத்து அங்கு முன்வைக்கப்பட்டது. அதற்கான அடித்தளம் 1934 இல் லூகாச் எழுதிய கட்டுரையொன்றில் ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. 1937 யூலையில் நாசிகள் மியூனிக்கிலே ‘சீர்கெட்ட கலை’க் கண்காட்சியைத் திறந்து, அதே வெளிப்பாட்டுவாத ஓவியங்களை இழிவுபடுத்தித் தொங்கவிட்டனர். ஏர்ணஸ்ற் புளொக் இதனைச் சுட்டிக்காட்டி, கண்டனம் செய்யும் முன் ஓவியங்களைப் பார்த்தீர்களா என்ற வகையில் வினவினார். லூகாச் 1938 இல் நீண்ட பதிலெழுதினார்; அதிற் கோட்பாடு நிறைய உண்டு, ஓவியம் இல்லை. அவ்விவாதத்தில் வெளிப்பாட்டுவாதத்துக்காகப் பேசியவரும், ‘டெர் ஸ்ரூர்ம்’ ஏட்டின் ஆசிரியராக அவ்வியக்கத்தை வளர்த்தவருமான ஹேர்வாற் வால்டன் 1941 இற் சோவியத் சிறையில் மாண்டார். 1953 இற் தமது பழைய கட்டுரைக்கு லூகாச் ஒரு குறிப்பைச் சேர்த்தார். வெளிப்பாட்டுவாதத்தை நாசிகள் பின்னர் கண்டித்தமை தமது ஆய்வின் சரித்தன்மையை எவ்விதத்திலும் பாதிக்கவில்லை என்பதே அக்குறிப்பின் சாரம். பதினைந்தாண்டுகளின் பின்னர், இத்தனை பேர் மறைந்த பின்னர், சேர்ப்பதற்கு அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

லூகாச்சின் ஆதரவாளர்கள் இதற்கு ஒரு விடை கூறுவதுண்டு. பல்சாக்கையும் தோல்ஸ்தோயையும் அவர் உயர்த்திப் பிடித்தமை, அன்றைய அதிகாரபூர்வமான சோஷலிச யதார்த்தவாதத்தின் வறட்சிக்கு எதிரான மறைமுகப் போராட்டம் என்பதே அது. லூகாச்சும் அதனை ஒருவகைக் கொரில்லாப் போரென்று குறிப்பிட்டார். இதில் உண்மை உண்டு. கட்சி முழக்கங்களைப் பாத்திரங்களின் வாயிலே திணித்த நாவல்களை அவர் ஒருபோதும் மெச்சவில்லை. ஆனால் அந்தக் கொரில்லாப் போரிலே பெயர் குறிப்பிட்டுத் தாக்கப்பட்டோரின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அவர்களுட் பெரும்பாலோர் அதிகாரமற்றவராகவே உள்ளனர்.

இந்த வரலாறு மட்டுமே எமது பிணக்குக்குக் காரணமாக இருந்திருப்பின், மனிதரைக் குறைகூறி முறையைக் காப்பாற்றியிருப்போம். பிழை முறைக்குள்ளேயே கிடந்தது. 1958 இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த, சமகால யதார்த்தவாதம் பற்றிய நூலில் ‘பிரான்ஸ் காஃப்காவா, தோமஸ் மானா’ என்று ஓர் அதிகாரம் உண்டு. காஃப்காவின் நுண்விவரங்கள் அசாதாரணமான உயிர்ப்புடையன என்பதை லூகாச் மனந்திறந்து ஒப்புக்கொள்கிறார். பின்னர், அவ்விவரங்களுக்குப் பின்னால் நிற்கும் உலகநோக்கு வெறும் அச்சமும் சூனியமுமே ஆதலால் அவை உருவகமாகத் தேய்ந்துவிடுகின்றன என்று முடிவு கூறுகின்றார். இவ்விடத்தில் நாம் நிறுத்திக் கேட்க வேண்டியுள்ளது: முடியாட்சிவாதியான பல்சாக்கின் உலகநோக்கைப் படைப்பு வென்றுவிட முடியுமாயின், காஃப்காவின் அச்சத்தை அவரது படைப்பு ஏன் வெல்ல முடியாது? பிராக் நகரிலே தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் ஆண்டுக்கணக்காக உத்தியோகம் பார்த்து, விரலிழந்தோரின் விண்ணப்பங்கள் கோப்புகளுக்கிடையே நகர்வதைக் கண்ட ஒருவர், அதிகார இயந்திரத்தைத் தமது அச்சத்துக்கும் அப்பால் அறிந்திருக்க முடியாதா?

பல்சாக்கைப் படைப்பிலிருந்து உலகநோக்குக்குச் சென்று வாசித்த லூகாச், காஃப்காவை உலகநோக்கிலிருந்து படைப்புக்கு வந்து வாசித்தார். ஒற்வால்ற் விடயத்திலோ அரசியல் நோக்குச் சரியாக இருந்தும், முறை பிழையென்பதால் நோக்கும் குட்டி பூர்ஷ்வாவாகிற்று. பிற்போக்காளனுக்குக் கிடைத்த சலுகை நவீனத்துவவாதிக்கும் கிடைக்கவில்லை, தோழனுக்கும் கிடைக்கவில்லை. ஆகவே அளவுகோல் ஒன்றாக இருக்கவில்லை. தீர்ப்பு முன்னரே உருவாகிவிட்டது. அதற்கேற்ப அளவுகோல் திருப்பிப் பிடிக்கப்பட்டது. ‘முழுமை’ என்ற சொல் ஆய்வின் முடிவாக வரவேண்டியது. அது ஆய்வுக்கு முன்னரே கையிலிருந்த முத்திரையாயிற்று. பிரெக்ற் இதனை அக்காலத்திலேயே உணர்ந்திருந்தார். யதார்த்தவாதத்தை ஒரு நூற்றாண்டின் நாவல் வடிவத்தோடு கட்டிவைத்தல் தானே ஓர் உருவவாதம் என்பது அவரது வாதம். ‘டாஸ் வோர்ட்’ ஏட்டின் மூன்று ஆசிரியர்களுள் அவரும் ஒருவராயிருந்தும், டென்மார்க்கிலே எழுதிய அம்மறுப்புகளை அவர் அதில் வெளியிடவில்லை. அவர் இறந்து பத்தாண்டுகளின் பின்னரே அவை அச்சேறின.

எமது ஈழத்து முற்போக்கு விமர்சனத்தை லூகாச்சின் கிளையாகக் கருதுதல் பொருந்தாது. கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காமிலே ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். அவர்கள் பயின்ற பள்ளி வேறு. எனினும் ‘நசிவிலக்கியம்’, ‘இயற்பண்புவாதம்’ முதலாய சொற்களை வாசிப்பின் பயனாக அன்றி வாசிப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தும் பழக்கம் எம்மிடையேயும் இருந்ததென்பதை மறுத்தல் நேர்மையாகாது. எம். ஏ. நுஃமானின் ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ 1987 இல் வெளிவந்தது. அது எடுத்துரைத்த எச்சரிக்கையை நாம் மாணவப் பருவத்திற் படித்தோம், பாராட்டினோம், பின்பற்றவில்லை.

பின்பற்றவில்லை என்பதற்குப் பிறரிடம் உதாரணம் தேட வேண்டியதில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் வன்னியைச் சேர்ந்த பெண்ணொருவரின் சிறுகதைத் தொகுதிக்கு நாம் ஒரு சிற்றேட்டில் மதிப்புரை எழுதினோம். கதைகள் பெரும்பாலும் பொருட்களின் பெயர்களாகவே இருந்தன. தறப்பாள், உரப்பை, சேலையிலே தைத்த மண்மூட்டை, தண்ணீர்க் கான், கஞ்சிக்கு நின்ற வரிசை, ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்ட ஊர்கள். யார் பேசுகிறார் என்பது பல இடங்களிற் தெளிவில்லை. கதையென்று சொல்லத்தக்க திருப்பம் ஒன்றுமில்லை. நாம் ‘நானா’வின் குதிரைப் பந்தயத்தை நினைத்துக்கொண்டோம். ஆசிரியை விவரிக்கிறார், எடுத்துரைக்கவில்லை என்றும், நிகழ்வுகளின் பின்னணியிலுள்ள வர்க்க உறவுகளின் முழுமை புலப்படவில்லை என்றும், இது இயற்பண்புவாதத்தின் தேக்கம் என்றும் எழுதினோம். மதிப்புரை நன்கமைந்துள்ளதென நண்பர் சிலர் கூறினர். அந்த ஆசிரியையின் எழுத்தை அதன்பின் எந்த ஏட்டிலும் நாம் காணவில்லை.

கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக லூகாச்சின் பிற்கால எழுத்துகளைத் தேடியபோது, சொல்செனிற்சின் பற்றிய அவரது சிறு நூலை எடுத்தோம். அதன் முதற் கட்டுரை 1964 இல், அவரது எழுபத்தொன்பதாம் வயதில் எழுதப்பட்டது. ‘இவான் தெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ என்ற குறுநாவலில் முகாம் வாழ்வின் சிறு பொருட்கள் நிறைந்துள்ளன. பெரிய நிகழ்வு எதுவுமில்லை. 1936 இன் விதிப்படி அது இயற்பண்புவாதமாக அல்லவா இருத்தல் வேண்டும்? லூகாச் அவ்வாறு கூறவில்லை. முகாமிலே ஒவ்வொரு பொருளும் தப்பிப் பிழைப்பதற்கும் அழிந்துபோவதற்கும் இடையிலான தெரிவாக உள்ளது. ஆதலால் அங்கே விவரம் வெறும் விவரமாக இருப்பதில்லை, ஒவ்வொன்றும் விதியைச் சுமக்கின்றது என்று அவர் எழுதுகின்றார். முப்பதாண்டுகளுக்கு முன் ஒற்வால்ற்றை வாசித்த கண் அன்று இது.

1970 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு அது. மதிப்புரை எழுதிய காலத்திலும் எமது பல்கலைக்கழக நூலகத்திலே, ‘எழுத்தாளனும் விமர்சகனும்’ இருந்த அதே தட்டில் இருந்திருக்கின்றது. பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளில் எமது இரவலுக்கு முன் இரண்டே திகதிகள் காணப்பட்டன.

வன்னித் தொகுதியை மீண்டும் வாசித்துக்கொண்டிருக்கின்றோம். கான் என்ற சொல் முதற் கதையிலே தண்ணீர் கொள்ளும் பொருளாக வருகின்றது; மூன்றாம் கதையில் அது வெறுமையாகக் கிடக்கின்றது; கடைசிக் கதையில் ஒரு பிள்ளை அதன் மேல் அமர்ந்திருக்கின்றது. முதல் முறை வாசித்தபோது இதனை நாம் காணவில்லை.